பெருங்காய டப்பாவில் என் பல்வரிசை

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "இந்த மூடிய கொஞ்சம் தொறந்து குடுங்க, வரமாட்டேங்குது." புதுப் பெருங்காய டப்பா. கத்தி முனையால் நெம்பினேன். அந்த வாசனைக்குச் சாம்பார் ஞாபகம் வருவதுதான் முறை. எனக்குப் பல் கூசியது. ஏனென்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூர் தொம்மலூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம், வயது இருபத்தெட்டு. என் முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி வந்து ஊர் பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். போட்டோவைப் பார்த்த இரண்டு வீட்டார் 'அப்புறம் சொல்றோம்' என்றார்கள், அப்புறம் சொல்லவேயில்லை. இந்த வயதில் கம்பியா என்று யாரும் சிரித்துவிடக் கூடாதென்று அலைனர் போட்டுக்கொண்டேன். பல்லை நேராக்கும், கண்ணாடி போலிருக்கும் பிளாஸ்டிக் உறை, மேலே ஒன்று, கீழே ஒன்று. சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். சாப்பிட்டதும் பல் தேய்த்து, உறையையும் கழுவி மாட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கொரு தடவை புது ஜோடி. அதைப் போட்ட முதல் இரண்டு நாள் தயிர்சாதம்கூடக் கல்லாகத் தெரியும்.

இந்த அவஸ்தையை முதலில் கண்டுபிடித்தவர் விமலாக்கா. எங்கள் ஆபீஸ் மாடியின் ஹவுஸ்கீப்பிங், ஆஸ்டின் டவுன்காரர். "இன்னா தம்பி, சோறு அப்படியே கீது? பல்லு நோவுதா?" என்றார் ஒரு நாள். மறுநாளிலிருந்து பேன்ட்ரியில் எனக்கென்று ஒரு டம்ளர் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இருக்கும். உறையைக் கழுவ வெந்நீரைப் பிடித்தால், வேண்டாமென்று கன்னடம் கலந்து அதட்டுவார். "சுடுதண்ணி பேடா தம்பி, கோணிக்கும்!" உறையின் ஓரம் நாக்கைக் கிழித்தபோது, நகம் தேய்க்கிற அட்டை ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். மெல்லத் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

டாக்டர் கொடுத்த பெட்டியை இரண்டாவது வாரமே தொலைத்திருந்தேன். சாப்பிடும்போது உறையை டிஷ்யூவில் சுற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். "அப்படி வெக்காத தம்பி, குப்பைன்னு நானே வாரிடுவேன்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து ஒரு பெரிய பெருங்காய டப்பாவைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தார். காற்றுப் போக மூடியில் காய்ச்சிய ஊசியால் மூன்று துளை. எத்தனை கழுவினாலும் பெருங்காயம் விடுமா? மேஜையில் உட்கார்ந்திருந்த நண்பர்கள், பல்லுக்கே தாளித்துவிட்டாயா என்று கேலி செய்தார்கள். டப்பாவை டிராயருக்குள் தள்ளிவிட்டுத் திரும்பவும் டிஷ்யூவுக்கே போனேன்.

ஒரு மதியம் உறையைக் காணோம். அந்தச் சனிக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். பதற்றத்தில் அட்மினுக்கு மெயில் போட்டேன், ஹவுஸ்கீப்பிங் எடுத்துப் போட்டிருக்கலாம் என்று. நான் சந்தேகமாகத்தான் எழுதினேன். படித்தவர்கள் சந்தேகமாகப் படிக்கவில்லை.

விமலாக்காவுக்கு வேலை மூன்று மணியோடு முடியும். மூன்றரைக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போகலாம் என்றுதான் இந்த ஷிப்டையே கேட்டு வாங்கியிருந்தார். அன்று ஐந்து மணிவரை பேஸ்மென்ட்டில் கறுப்புப் பைகளைக் கொட்டி, எச்சில் சோற்றுக்கும் டீத்தூளுக்கும் நடுவில் தேடினார். "ஒவ்வொரு டிஷ்யூவா பிரிச்சுப் பாத்துட்டேன் தம்பி. இல்லையே" என்றார்.

வீட்டுக்குப் போய் ஸ்வெட்டரைக் கழற்றினேன். பாக்கெட்டில் டிஷ்யூ, அதற்குள் இரண்டு உறையும் பத்திரமாக. பொய் சொல்லக் கூடாது, முதலில் சந்தோஷம்தான் வந்தது. கழுவி மாட்டிக்கொண்ட பிறகுதான் அக்கா ஞாபகம் வந்தது.

காலையில் சொல்லிவிடலாம் என்று போனால், அட்மின்காரர் முந்திக்கொண்டார். "அந்தம்மாவ ஒயிட்ஃபீல்டு பில்டிங்குக்கு மாத்தியாச்சு சார். இனி ப்ராப்ளம் இருக்காது." ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த மெயிலுக்குப் பிறகு ஆபீஸே சிரிக்குமே என்று பயந்தேன். "தேங்க்ஸ்" என்றேன். ஒயிட்ஃபீல்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், திரும்ப ஆறு மணியாகும், அந்தப் பெண் பள்ளி வாசலில் நிற்கும். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

பிறகு ஒரு முறை ஆஸ்டின் டவுனுக்குப் போனேன். தெருப் பெயர் தெரியாது. டீக்கடையில் கேட்டதற்கு, "எந்த விமலா சார்?" என்றார்கள். அந்த ஒரு கேள்வியைச் சாக்காக வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பல் நேராகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை பார்த்த பெண்தான் போன ஞாயிற்றுக்கிழமை டப்பாவை நீட்டியவள். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிய பிறகு அந்த மாடியைக் காலி செய்தார்கள். இப்போது அங்கே உடற்பயிற்சிக் கூடம். பேன்ட்ரி இல்லை, உப்புத் தண்ணீர் வைத்த அந்த மேடையும் இல்லை. கடைசி நாள் என் டிராயரைக் காலி செய்தபோது அடியில் அந்த டப்பா கிடந்தது, மூடியில் மூன்று துளையோடு. முகர்ந்து பார்த்தேன், வாசனை அப்படியே இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நானே அதைக் கறுப்புப் பைக்குள் போட்டேன்.