அவள் எங்கே என்று கேட்டால்

எங்கள் ரப்பர் தோட்டத்தில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் மண்டோர் பேர் வாசிக்கும்போது ஓர் ஆள் வரவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பதில் சொல்வார்கள். காய்ச்சல், படுத்திருக்கு. சிரம்பானுக்குப் போயிருக்கு, மத்தியான பஸ்ஸில் வந்துவிடும். என் அம்மா இதில் பெரிய கெட்டிக்காரி. எட்டு வீட்டு லயத்தில் யார் எங்கே போனார்கள், எதற்குப் போனார்கள், எப்போது திரும்புவார்கள் என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். யாராவது சொல்லாமல் போய்விட்டால்தான் அம்மாவுக்குக் கோபம் வரும். கேட்டால் நான் என்னவென்று பதில் சொல்வது என்பார்.

அந்த லயத்துச் சுவர்கள் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் இந்தப் பக்கமிருந்து நாங்கள் நூறு என்போம். அந்தப் பக்கத்து வீட்டில்தான் என் கூட்டாளி இருந்தாள். நான் பலகைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் தலையை வாரிக்கொண்டே ஓடிவருவாள். ரிப்பன் கட்டிப் பள்ளிக்குப் போன வயதிலிருந்து ரப்பர்ப் பால் வாளி தூக்கிய வயது வரை ஒன்றாகவே வளர்ந்தோம். எங்களுக்குள் ரகசியம் என்று ஒன்றுமே கிடையாது. இருந்தாலும் அந்தச் சுவர் விட்டிருக்காது.

தோட்டத்தை விற்றார்கள். கித்தா மரமெல்லாம் போய் வீடுகள் வந்துவிட்டன. லோபாக்கில் கொஞ்சம் பேர், போர்டிக்சனில் கொஞ்சம் பேர் என்று சிதறினோம். நான் நீலாயில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்தேன். சிதறியவர்களையெல்லாம் ஒன்று சேர்க்கிறேன் பேர்வழி என்று ஃபேஸ்புக்கில் எங்கள் தோட்டத்துக்கு ஒரு பக்கம் திறந்தேன். யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி வைக்காதீங்கம்மா என்று என் மகள் சொன்னாள். லயத்தில் கதவு சாத்தினால் உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் வந்துவிடுவார்கள், நீ என்னடி கண்டாய் என்று அவள் வாயை அடைத்தேன்.

பக்கம் ஜேஜே என்று நிறைந்தது. வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக்கொட்டகை, பால் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த ஒற்றைப் பலகைப் பாலம், கோயில் திருவிழாவில் மாவிளக்கைத் தின்ற ஆடு என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். படித்துப் படித்துச் சிரித்தேன், அழுதேன். பள்ளி விளையாட்டுப் போட்டியன்று எடுத்த படம் ஒன்றை நானும் போட்டேன். அதில் என் தோளில் கை போட்டுக்கொண்டு அவள் நிற்கிறாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளைக் கட்டியவன் வெளியூர்க்காரன். அடிப்பான். பல வருஷம் பொறுத்துவிட்டு, ஒரு நாள் மகளையும் ஒரு பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். போர்டிக்சன் பக்கம் ஒரு வீடு எடுத்து, பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள். என்னிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அவன் பக்கத்து ஆட்களிடம் மூச்சு விடாதே.

விடவே இல்லை. படத்துக்குக் கீழே ஒருவர் வந்து, பாலத்தையும் ஆட்டையும் சொல்லி, நானும் நம்ம தோட்டம்தான், இந்தப் பிள்ளை இப்ப எங்கே, நல்லா இருக்கா என்று கேட்டார். நம் ஆள்தானே! பெரட்டில் அம்மா சொன்ன மாதிரி நானும் சொன்னேன். எந்தத் தாமானில் வீடு, என்ன வேலை, காலையில் எத்தனை மணி பஸ். பாலமும் ஆடும் நாங்களே ஊருக்கெல்லாம் எழுதி வைத்தவைதானே என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவன் நின்றான். அவள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குள் ஓடினாள். கடைக்கார பாய் அவளைச் சமையல்கட்டில் உட்காரவைத்து, போலீஸ் வரும்வரை வாசலை விட்டு நகரவில்லையாம். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். ரிப்போர்ட் கொடுத்துவிட்டு என்னை ஃபோனில் கூப்பிட்டாள். சத்தமே போடவில்லை.

"உன் கூட்டாளிதான் சொன்னான்னு ரோட்ல நின்னு கத்துறான். மெய்யா?"

நான் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு ஃபோனிலேயே எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியது அங்கேயே இருந்தது. அதைப் பார்த்து முப்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அதை அழித்தேன். அதோடு விடாமல் பக்கம் முழுவதையும் மேலேயிருந்து கீழே வரை பார்த்தேன். பேத்தியின் பள்ளிச் சீருடை, வீட்டு வாசலில் கார் எண், புது அடையாள அட்டை எடுத்த சந்தோஷத்தில் அட்டையையே படம் பிடித்துப் போட்டவர். எல்லாம் எங்கள் ஆட்கள்தான். பக்கத்தைப் பூட்டினேன். பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று சிலர் திட்டினார்கள். திட்டட்டும்.

அவள் வீடு மாறுகிற அன்று சாமான் கட்டப் போனேன். லோரிக்குப் பின்னாலேயே என் காரில் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். எந்த ஊர் என்றாவது சொல் என்றேன். கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீ கெட்டவ இல்ல லா. யாராச்சும் பாசமா கேட்டா சொல்லிருவ. அதான் பயமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். லோரி போன பிறகு அந்த வெறும் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

ஆறு மாதம் கழித்து எண் தெரியாத அழைப்பு வந்தது. அவள்தான். மகள் பரீட்சையில் தேறிவிட்டாள், தானும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடமும் காட்டிக்கொள்ளவில்லை. அது என்ன சத்தம் என்று இங்கேயும் எழுதமாட்டேன்.