ஒரு யானையும் நாலு எறும்பும்

கல்யாணங்களில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று தட்டுக்குப் பீஸ் வைப்பது என் வேலை. ஆளுக்கு ஒரு பெரிய பீஸ், இல்லாவிட்டால் இரண்டு சின்னது. "அவருக்கு மட்டும் ரெண்டா?" என்று யாராவது முறைத்தால், "ரெண்டும் ஒண்ணுதான் மாமு, துன்னு" என்று நகர்த்திவிடுவேன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அது.

என் மகள் எல்கேஜி. இரண்டு பக்கம் பொருளை வைத்து எது அதிகம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்ல வரவில்லையாம். திங்கட்கிழமை மறுபடி கேட்பேன், சொல்லாவிட்டால் இன்னொரு வருஷம் எல்கேஜியிலேயே உட்காரட்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டார்.

"மத்த புள்ளைங்கள்லாம் மேல பூடும், இவ மட்டும் அங்கியே குந்திகினு இருப்பாளா?" என்று என் மனைவி பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "நாளைக்கு உனுக்கு ஆர்டர் இல்லியே. நீயே சொல்லிக்குடு."

ஞாயிற்றுக்கிழமை காலை வெங்காயக் கூடையோடு உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் இரண்டு பெரிய வெங்காயம், அந்தப் பக்கம் மூன்று சாம்பார் வெங்காயம்.

"எதும்மா ஜாஸ்தி?"

பெரியதைத் தொட்டாள்.

"எண்ணிப் பாரு."

எண்ணினாள். இரண்டு, மூன்று. தப்பே இல்லை.

"இப்ப சொல்லு, எது ஜாஸ்தி?"

"அதான் சொன்னேனே நைனா. இதான்."

பத்து தடவை கேட்டேன். பத்து தடவையும் பெரியதுதான். என் குரல் ஏறியது, அவள் உதடு பிதுங்கியது.

"ரெண்டு எப்டிம்மா மூணை வுட ஜாஸ்தியாவும்?"

"நீதான சொன்ன. அம்மாக்கு ரெண்டு பீஸு வச்ச, எனுக்கு ஒண்ணு வச்ச. நான் அயுதேன். உன்து பெர்சு, ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்ன."

உள்ளேயிருந்து மனைவி சிரித்தாள். "புள்ள கரீட்டாதான் பட்ச்சிகீது. வாத்தியார்தான் பேஜாரு."

ரோஷத்தில் பெட்டிக்கடைக்குப் போய் சோடா மூடி பொறுக்கி வந்தேன். எல்லாம் ஒரே அளவு. நாலு இங்கே, ஆறு அங்கே. பட்டென்று ஆறைக் காட்டினாள். எப்படி மாற்றி வைத்தாலும் சரியாகச் சொன்னாள். அன்று முழுக்க நான் ஹெட்மாஸ்டர் மாதிரி திரிந்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் எடுத்தது சோடா மூடி இல்லை, படம். ஒரு பக்கம் ஒரு யானை, மறுபக்கம் நாலு எறும்பு. கதவோரம் நின்ற என் வாய்க்கும் யானைதான் வந்தது.

"யானை," என்றாள் மகள்.

"எண்ணிக்கையில எதுன்னு கேளுங்க டீச்சர், சொல்லிடும்" என்றேன்.

டீச்சர் சலித்துக்கொண்டே அப்படிக் கேட்டார். "எறும்பு" என்றாள்.

"பாத்தீங்களா."

"பரீட்சை பேப்பர்ல எது அதிகம்னுதாண்ணா இருக்கும். இவளுக்கு மட்டும் நான் மாத்திக் கேக்க முடியுமா? பத்து படம் தர்றேன், சொல்லிக் குடுங்க. இன்னும் ஒரு வாரம். அதான் கடைசி."

யானையைக் கொண்டுவந்து எறும்போடு நிறுத்தியவன் கையில் கிடைத்தால் அண்டாவுக்குள் போட்டு மூடியிருப்பேன். வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சாலையைக் கடக்கக் காத்திருந்தபோது முதல் படத்தைப் பிரித்தேன். ஒரு பஸ், மூன்று சைக்கிள்.

"எது ஜாஸ்தி நைனா?" என்று மகள் கேட்டாள்.

பஸ்ஸில் ஊரே ஏறலாமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து எண்ணினேன்.

"சைக்கிள்" என்றேன்.

அவள் பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை.