ஆறு பேருக்கு மிதக்கும் வீடு

தொடர்ந்து மூன்று ஐப்பசியாக எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தாம்பரத்துக்குத் தெற்கே, ஓர் ஏரிக்கு நேர் கீழே தேடிப்பிடித்து மனை வாங்கிய புத்திசாலி நான். அடுத்த மழைக்குள் ஏதாவது வழி செய்யாவிட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி சொல்லிவிட்டாள். அப்போதுதான் கைப்பேசிக்கு இரண்டு நிமிட வீடியோ ஒன்று வந்தது. மல்லசமுத்திரம் பக்கம் வெள்ளத்தில் ஒரு வீடு அப்படியே எழும்பி மிதக்கிறது. கடந்த தை மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 7.40க்குத் திருச்செங்கோடு பேருந்து. மல்லசமுத்திரம் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. வழியில் ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு விற்பார்கள். பொட்டலம் ஐம்பது ரூபாய். போகும்போதே தின்றுவிடுங்கள், திரும்பும்போது நான் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய், பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. வீடியோ பார்த்துவிட்டு வருகிறீர்களா என்று ஓட்டுநர் கேட்டார். ஆமாம் என்றேன். இறங்கும்போது, "ஊட்டப் பாருங்க. அவரு பேசுனாருன்னா குறுக்க பேசாம கேட்டுக்குங்க" என்றார்.

திருமணிமுத்தாறு அன்றைக்கு நுரை கட்டி, ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடியது. இதுவா அத்தனை வீட்டையும் இழுத்துக்கொண்டு போனது என்று நம்பவே முடியவில்லை. கரையை ஒட்டிய தாழ்வில் ஏழெட்டு வீடுகளின் அடித்தளம் மட்டும் மிச்சம். நடுவில் முழுசாக நின்றது ஒரே ஒரு வீடு. அதைக் கட்டியவர் செங்கோடன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வெல்டராக இருந்தவர், ஐம்பது வயது இருக்கும்.

வீட்டை அவரே குனிந்து, தவழ்ந்து காட்டினார். அடியில் இரும்புக் கூண்டு, அதற்குள் இருநூறு லிட்டர் நீல டிரம் நாற்பத்தெட்டு. மேலே மூங்கிலும் தகரமுமாக லேசான சுவர். நாலு மூலையிலும் ஆழமாக ஊன்றிய இரும்புக் குழாய், வீட்டோடு பற்றவைத்த வளையம் அதில் மேலும் கீழும் ஓடுகிறது. தண்ணீர் ஏறினால் வீடு எட்டடி வரை எழும்பும், அடித்துக்கொண்டு போகாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அளவெடுத்தேன், படம் எடுத்தேன். இது எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

லாரிக்காரர்கள் பாரத்தில் விளையாட மாட்டார்கள். டிரம் தாங்கும் எடையில் பாதியைத்தான் செங்கோடன் கணக்கில் எடுத்திருக்கிறார். அதன்படி ஆறு பேர். வெள்ளம் வந்தது பட்டப்பகலில், காலை பதினொரு மணிக்கு. மேலே ஏரி உடைந்து ஒரே மூச்சாக வந்திருக்கிறது. வீட்டுக்குள் அவர், மனைவி, இரண்டு மகள்கள். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் ராசு, தோளளவு தண்ணீரில் தன் மனைவியையும் பையனையும் ஏணியில் ஏற்றிவிட்டார். எல்லோரும் ஒரே பக்கம் கூடியதால் வீடு அந்தப் பக்கம் சாய்ந்தது. ராசு ஏணியில் கால் வைத்தபோது இன்னும் சாய்ந்தது.

"'எறங்கு ராசு, தாங்காது'ன்னு நாந்தானுங்க சொன்னேன். அவன் மறுபேச்சே பேசலீங்க. கைய எடுத்துட்டான்."

மூன்றாம் நாள், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சீமைக்கருவேல முள்ளுக்குள் ராசு கிடைத்தார். செங்கோடனின் மனைவி மகள்களைக் கூட்டிக்கொண்டு வெண்ணந்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மிதக்கும் வீட்டில் இனிமேல் கால் வைக்க மாட்டாராம். வீடியோ எடுத்தவரிடமும் செங்கோடன் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த மகராசன் வெட்டி எறிந்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவனை மட்டும் திட்டி என்ன செய்ய? என் நோட்டில் நான் வரைந்திருந்ததும் நாலு பேருக்கான வீடுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு அவர் வெண்ணந்தூர் போய் மனைவி வீட்டு வாசலில் நின்றுவிட்டு வருகிறார். டிரம் பழையதாக இருந்தால் மூடியைத் திறந்து ஓட்டை பார்த்து வாங்கச் சொல்கிறார். ஏணியை ஒரு பக்கம் மட்டும் வைக்காதீர்கள், நாலு பக்கமும் வையுங்கள். ஆள் ஏற ஏறப் பிரித்து உட்காரவையுங்கள். உங்கள் குடும்பத்தை எண்ணாதீர்கள், தெருவை எண்ணுங்கள். எங்கள் தெருவை ஊருக்கு வந்ததும் எண்ணினேன். முப்பத்தொரு பேர். அதில் பாதிப்பேரின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது, உங்கள் கணக்குப்படி தாங்காதுதானே அண்ணா, நீங்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று ஆறுதலாகச் சொல்லிவைத்தேன். தாழ்வில் தண்ணீர் வடியப் பத்து நாள் ஆனதாம். ராசுவை அடக்கம் செய்த மறுநாளே, மிதந்துகொண்டிருந்த வீட்டில் செங்கோடன் தனி ஆளாக மணல் மூட்டை ஏற்றியிருக்கிறார்.

"அம்பது கிலோ மூட்டைங்க. ரெண்டு பக்கமும் சமமா வெச்சு, ஒவ்வொண்ணா ஏத்துனனுங்க. எட்டு மூட்டையில எங்க ஆறு பேரு எடை வந்துருச்சு. ஒம்பது ஏத்துனேன், பத்து ஏத்துனேன். முப்பத்தேழு வரைக்கும் ஏத்துனனுங்க. மூட்டைதான் தீந்துபோச்சு. ஊடு முங்கலீங்க."