பக்கம் மாறின ஆல்பம்

கல்யாணமான முதல் ஐந்து வருஷத்தில் எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறக்கவில்லை. இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளையே இல்லை என்று சொன்னால் என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். இரண்டு மாதம், இரண்டரை மாதம், மூன்று மாதம் என்று மூன்றும் எங்களோடு இருந்துவிட்டுப் போனவை.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி டவுணில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. ஒரு கேமரா, இரண்டு குடை விளக்கு, பின்னால் தொங்க ஒரு காஷ்மீர் ஏரி. தாமிரபரணியில் குளித்துவிட்டு வந்து காஷ்மீரில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு என் போட்டோவைவிட என் வாய்தான் ஞாபகம் இருக்கும். "சிரிங்க மாப்ளே, இன்னைக்கு விட்டா இனி சிரிக்க முடியாது" என்பேன். எல்லா மாப்பிள்ளைக்கும் அதே ஜோக்தான். புதிதாக யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை கிடையாது.

அந்த ஐந்து வருஷத்தில் ஏகப்பட்ட டாக்டர்களைப் பார்த்தோம். எல்லோரும் அவளைத்தான் மேஜையில் படுக்க வைத்தார்கள். ஸ்கேன், ஊசி, கர்ப்பப்பையில் சாயம் விட்டு எக்ஸ்ரே. என்னை ஒரே ஒரு தடவை, கையில் ஒரு குப்பியைக் கொடுத்து ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். விந்தணு எண்ணிக்கை நன்றாக இருந்தது. அந்தச் சீட்டை எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட் மாதிரி மடித்து ஒரு மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படிப் பாஸானதில்லை.

அம்மா அந்தச் சீட்டைப் பார்க்காமலே மனப்பாடம் பண்ணிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "என் மவங்கிட்ட ஒரு கொறையும் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க. இவளுக்குத்தான் தங்க மாட்டேங்கு" என்பாள். இவள் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். கத்திச் சத்தம் ஒரு நொடி நிற்கும், மறுபடி கேட்கும்.

கடைசியாகப் பாளையங்கோட்டையில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் வாய்த்தார். "ரெண்டு பேரோட ரத்தமும் வேணும்" என்றார்.

"எனக்கெதுக்கு டாக்டர்? எங்க தெருக் கொசுகிட்ட கேட்டா முழு ரிப்போர்ட்டும் தருமே."

அவர் சிரிக்கவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ரத்தம் மெட்ராஸுக்குப் போனது. அதுவரை நான் மெட்ராஸ் பார்த்ததில்லை. என் ரத்தம் எனக்கு முந்திக்கொண்டது.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து ரிப்போர்ட் வந்தது. நான் தனியாகத்தான் போனேன். அவள் அன்றைக்குத் திருச்செந்தூரில் இருந்தாள், எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ள.

ரிப்போர்ட்டோடு ஒரு கருப்பு வெள்ளைப் படம். வரி வரியாகக் கோடு போட்ட புழுக்கள் மாதிரி நாற்பத்தாறு குரோமோசோம்களையும் கத்தரியால் வெட்டி, ஜோடி ஜோடியாக ஒட்டியிருந்தார்கள். பாஸ்போர்ட் போட்டோ வெட்டிப் பிழைக்கிறவன் கண்ணில் வேறென்ன படும்? "நல்லா வெட்டியிருக்காங்க டாக்டர்" என்றேன்.

"ஏழாவது ஜோடியைப் பாருங்க."

ஒன்று நீளம், ஒன்று குட்டை. பதிமூன்றாவது ஜோடியும் அப்படித்தான்.

"இதோட நுனி ஒடைஞ்சு அதுல ஒட்டியிருக்கு. அதோட நுனி இதுல. உங்க உடம்புல எதுவும் கூடலை, குறையலை. அதனால நீங்க நல்லா இருக்கீங்க. ஆனா பிள்ளைக்கு நீங்க குடுக்கிறது ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணுதான். மாறிப்போன ரெண்டுல ஒண்ணு மட்டும் போச்சுன்னா, பிள்ளைக்கு ஒரு துண்டு கூடிடும், இன்னொரு துண்டு இருக்காது. அந்தக் கரு வளர முடியாம நின்னுடும்."

"அவளுக்கு?"

"அவங்க ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்ல."

மருந்து கிடையாது என்றார். நல்லபடியாக அமையவும் வாய்ப்பு உண்டு, எந்தத் தடவை என்றுதான் சொல்ல முடியாது. என் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கலாம், என்னிடமே புதிதாக ஆரம்பித்திருக்கவும் கூடும். தங்கச்சி இருந்தால் அவளையும் பார்ப்பது நல்லது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதற்கு முந்தின வருஷம் இரண்டு கல்யாண ஆல்பங்களில் கடைசிப் பக்கங்களை மாற்றி ஒட்டிவிட்டேன். என் அலமாரியில் இரண்டும் சேர்ந்து இருந்தவரை ஒரு படம் கூடக் குறையவில்லை. வீடுகளுக்குப் போன பிறகுதான் வினை. ஒரு வீட்டு ஆல்பத்தில் பெண்ணின் தகப்பனாரையே காணோம், பந்தியில் யாரென்றே தெரியாதவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் வந்து கடை வாசலில் நின்று திட்டினார்கள். பக்கங்களைப் பிரித்துச் சரியாக ஒட்டிக் கொடுத்தேன். அதைப் பிரிக்க முடிந்தது.

ரிப்போர்ட்டைக் கடையில் பேப்பர் பெட்டிக்குள், போட்டோ அச்சடிக்கிற காகிதத்துக்கு அடியில் வைத்தேன். வெளிச்சத்தில் திறந்தால் பாழாகிவிடும் என்று அவளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் தொடமாட்டாள். "ரிப்போர்ட் வந்துட்டா?" என்று கேட்டாள். "மெட்ராஸ்காரன் என் ரத்தத்தைப் பாத்து மயங்கிக் கெடக்கானாம்" என்றேன். சிரித்தாள்.

தங்கச்சி வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள், இப்போது சொன்னால் அவள் மாமியார் வீட்டில் சந்தேகம் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி நிஜம். மீதிப் பாதி, சட்டைப் பையிலிருந்த அந்த மார்க் ஷீட்.

தங்கச்சிக்கு ஏழாம் மாசம் எங்கள் வீட்டில் வளைகாப்பு. நான்தான் போட்டோ. ஒவ்வொருத்தராக வந்து சந்தனம் தடவி வளையல் போட்டார்கள். தங்கச்சி உள்ளே பார்த்து, "மதினி, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். இவள் வந்து, கிண்ணத்தில் இரண்டு விரலைத் தொட்டுச் சந்தனம் எடுத்தாள்.

"ஏளா, நீ உள்ள போயி பாயசத்தைப் பாரு" என்றாள் அம்மா, பைய.

எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அந்த மாதிரி நேரத்தில் நான்தான் ஏதாவது சொல்வேன் என்று. நானும் சொன்னேன். "ஆமா, போய்ப் பாரு. இவளுவ வார வேகத்துக்குப் பாயசம் பயந்து ஓடிரும்." கூடம் முழுக்கச் சிரித்தது. நான் கேமராவை அமுக்கினேன்.

மூன்று நாள் கழித்துக் கலர் லேபிலிருந்து படங்கள் வந்தன. ஒன்றில் தங்கச்சி வாய்விட்டுச் சிரிக்கிறாள், சுற்றியிருக்கிற பெண்களும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் இவள் முதுகு. உள்ளே போகிறாள். சந்தனம் தொட்ட இரண்டு விரலையும் சேலையில் பட்டுவிடாமல் தள்ளிப் பிடித்திருக்கிறாள்.

மத்தியானம் எனக்குச் சோறு கொண்டு வந்தாள். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் பேப்பர் பெட்டியைத் திறந்தேன். "ஐயோ, வெளிச்சம்" என்றாள். ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஆல்பத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் அந்தக் குரோமோசோம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"அப்போ அந்த பஸ்ஸு?" என்றாள்.

முதல் தடவை அவள் திருச்செந்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறாள். எனக்கு அதுவரை தெரியாது.

"இல்ல."

"கீழருந்து குடத்தைத் தூக்கிட்டு வந்தேனே, ரெண்டாவதுக்கு?"

"அதனால இல்ல."

"பப்பாளி ஒரு துண்டு தின்னேன். ஒரே ஒரு துண்டுதான். தெரியாம."

"அதனாலயும் இல்ல. நீ ஒண்ணுமே செய்யல."

ரிப்போர்ட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். "இது எப்ப உங்க கைக்கு வந்துச்சு?"

"பத்தொன்பது நாளாச்சு."

"பத்தொன்பது நாள்" என்றாள். நான் சாப்பிடும்வரை இருந்து, தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால் ஒரு ஜோக்காவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

சாயங்காலமே அம்மாவை உட்கார வைத்து, இவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். "அம்மா, கொறை எங்கிட்டதான். அந்தச் சீட்டுல எழுதினது எண்ணிக்கை மட்டுந்தான்."

"யாருல சொன்னா?"

"ரத்தம் சொல்லுது."

"இவளைக் காப்பாத்துததுக்குச் சொல்லுதியா?"

படத்தைக் காட்டினேன். அம்மாவுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "இது எங்கனருந்து வரும்?" என்றாள்.

"உங்கிட்டருந்தோ அப்பாகிட்டருந்தோ வந்திருக்கலாம். சில பேருக்குப் புதுசாவும் வருமாம்."

சுவரில் மாலைக்குள் இருந்த அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். போய்ச் சேர்ந்த மனுஷன், மறுத்துப் பேச வழியில்லாதவர். பழியை அவர் தலையில் போட்டுவிடலாம் என்று ஒரு ஜோக்கைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

"உனக்கும் உன் தங்கச்சிக்கும் நடுவுல எனக்கு ரெண்டு போச்சு."

எங்கள் இருவருக்கும் எட்டு வயது வித்தியாசம். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்துத்தான் கேட்டாள். "நெல்லு அவிக்கிற அண்டாவை எறக்கி வச்சேன். அதனாலதான்னு இத்தனை நாளும் நெனச்சிட்டிருக்கேன். அதனால இல்லையாளா?"

அம்மாவின் ரத்தத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பிறகும் பார்க்கவில்லை. இவளுக்கு அது தெரியும்.

"அதனால இல்ல, அத்தை" என்றாள்.

தங்கச்சிக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபிறகு மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லி அவளுக்கும் ரத்தம் எடுத்தோம். அவளுக்கு எதுவும் இல்லை.

அடுத்த வருஷம் எங்களுக்கு நாலாவது. நாட்களை எண்ணக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினோம். பத்தாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். பார்க்க வந்த பெரியம்மை பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் தடவை என்ன செஞ்சாளாம்?" என்று கேட்டாள்.

"அவ ஒண்ணும் செய்யல" என்றாள் அம்மா, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. "கோளாறு எங்க பக்கத்துல."

நான் உள்ளே போனேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அத்தை வெளிய என்னமோ சொன்னாங்களே, என்ன?"

சொன்னேன்.

கண்ணைத் திறக்காமலே, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.