கஞ்சி போடாத நூல்

உயிரணு வளர்ப்பது கைக்குழந்தை வளர்ப்பது போன்ற தொழில். ஒரே வித்தியாசம், இது பசித்தால் அழாது, செத்துத்தான் காட்டும். என்னைப் போல ஆய்வுக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் பார்வை

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். ஏனாத்தூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம், எங்கள் திட்டத்தை நடத்தும் மேடம் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். எலியின் இதயத்திலிருந்து எடுத்த செல்கள். அவற்றில் ஒன்று துடித்தது. உடம்பு இல்லை, ரத்தம் இல்லை, தன்னந்தனியாகத் துடித்தது. எதையோ தவறாகத் தொட்டுவிட்டேன் என்று பயந்து கையை எடுத்தேன். "நான் ஒண்ணும் பண்ணல மேடம்!"

"யாரும் ஒண்ணும் பண்ணலம்மா. அதான் ஆச்சரியமே."

அப்பா கொடுத்த நூல்

அந்தச் செல்களைப் பட்டு நூலின்மேல் வளரவைப்பது எங்கள் திட்டம். பழுதான இதயத்துக்கு ஒட்டுப்போட என்றாவது அது உதவலாம். பட்டுக்கு எங்கே போவது? பிள்ளையார்பாளையத்தில் அப்பா தறியில்தான் இருக்கிறார். வெள்ளை நூல் கேட்டேன், கொடுத்தார்.

கழுவி, கிருமி நீக்கி, செல்களை விட்டேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. உருண்டு, மிதந்து, செத்தன. இரண்டாம் முறையும் அப்படியே. அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் ஒட்டாவிட்டால் திட்டம் நின்றுவிடும், என் வேலையும் போய்விடும். அன்று ராத்திரி சாப்பிடும்போது, எந்த நூலைக் கொடுத்தார் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"சும்மாவா குடுப்பேன்? கஞ்சி போட்டு, எண்ணெ தடவித்தாம்மா குடுத்தேன். அங்க போய் அறுந்துச்சுன்னா உனக்குத்தான கெட்ட பேரு!"

குறிப்பேடு

தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு, அறுந்துபோகாமலிருக்கக் கஞ்சி போடுவார்கள் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும்தான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும் அது மறந்துபோயிருந்தது. நான் கழுவியும் போகாத அந்தப் பூச்சினால்தான் செல்கள் ஒட்டவில்லை. குறிப்பேட்டில் 'வந்த செல்கள் சரியில்லை' என்று வேறு எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'நூலைச் சோதிக்காதது என் தவறு' என்று எழுதி, மேடத்திடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"செல்லு மேல பழியப் போட்டிருந்தா, அது வந்து சாட்சியா சொல்லப் போவுது? போ, வேற நூல் எடுத்துக்கினு வா."

கருட சேவை

கஞ்சி போடாத நூலில் செல்கள் ஒட்டின. இரண்டு நாளுக்கு ஒருமுறை அவற்றுக்குப் புது ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். அந்த முறை கருட சேவையன்றே வந்து விழுந்தது. ஊரே பெருமாளைப் பார்க்கப் போக, நான் மட்டும் எதிர்த்திசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். தெருமுனையில் கயிறு கட்டி நின்ற ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"சாப்பாடு வெக்கணும் சார், இல்லன்னா செத்துடும்."

"நாயா, பூனையா?"

"எலி சார். எலியோட இதயம்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கயிற்றைத் தூக்கினார்.

"சாமியே வெளிய வந்துக்கினு இருக்குது, இது எலிக்குச் சோறு வெக்கப் போவுதாம். போம்மா, போ!"

நூல் அசைந்தது

உள்ளே போய்ப் பார்த்தேன். முந்தாநாள் வரை ஆளுக்கொரு வேகத்தில் துடித்தவை, ஒன்றையொன்று தொட்டதும் சேர்ந்து துடிக்கத் தொடங்கியிருந்தன. அந்த இழுப்பில் நூலே அசைந்தது. யார் அவற்றுக்குத் தாளம் சொன்னார்கள்? கண்ணை எடுக்காமலே அதைப் படம் பிடித்தேன்.

குழுவினர் அந்தப் படத்தை மூன்று முறை போடச் சொன்னார்கள். நான் தயாரித்து வைத்திருந்த பதில்களில் பாதியைக் கேட்கவே இல்லை. திட்டத்தை ஓராண்டு நீட்டித்தார்கள். சாயங்காலம் போனில் அப்பாவுக்குக் காட்டினேன். தறியை விட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இத்தினி வருசமா நான் மிதிச்சாத்தான் நூலு அசையும். இது தானா அசையுதேம்மா!"

வேலை தப்பித்தது, ஆகவே இன்னும் ஓராண்டுக்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.