டீச்சரம்மா வீட்டு வாசல் அகலம்

என் வீட்டுக்காரருக்கு வெல்டிங் பட்டறை. இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும்; சபையில் அவருக்குப் பெயரே 'டேப்பு'. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டுக் கதவைக் கண்ணால் அளந்த மனிதர்! ஜெபக் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். சபைச் செயலாளர் ஐயா நேர் எதிர், மைக்கைப் பிடித்தால் விட மாட்டார்.

ஐயா 'கருணைக் கரங்கள் ஊழியம்' என்று ஆரம்பித்துப் பத்துச் சக்கர நாற்காலி வாங்கினார். ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் படம். நடக்க முடியாதவர்களை ஆலயத்துக்குத் தூக்கி வந்து, உட்கார வைத்து, ஜெபித்து, போட்டோ எடுத்தார்கள். வீட்டுக் கதவை ஒருத்தரும் அளக்கவில்லை! பத்தில் ஏழு உள்ளேயே நுழையவில்லை. எங்கள் தெரு டீச்சரம்மாவின் நாற்காலி வீட்டுக்கு வெளியிலேயே நின்றது, அதில் துணி காய்ந்தது.

டீச்சரம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசையாது. நாலு வருஷமாகக் கட்டிலும் சன்னலும்தான். சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். "மறுபடியும் மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறதா இருந்தா நான் வரல" என்று சொல்லிவிட்டார். மகள் பட்டறைக்கு வந்து அழுதாள். அன்றைக்கே இவர் போய் அளந்தார். நாற்காலியில் நாலு அங்குலம் குறைக்க வேண்டும்.

டீச்சரம்மா வாசலில் இவரும் நானும் நாற்காலியை வண்டியில் ஏற்றும்போது செயலாளர் அலறியடித்துக்கொண்டு வந்தார். "ஞாயித்துக்கிழமை வெளிநாட்டு விருந்தாளிங்க பார்க்க வர்றாங்கப்பா! அதுல கை வச்சா, இனி சபையில உனக்கு ஒரு ஆணி அடிக்கிற வேலைகூடக் கிடையாது!"

ஆலயத்துக்குப் புது இரும்புக் கேட் செய்யும் வேலை எங்களுக்குத்தான் வருவதாக இருந்தது.

"ஐயா, இது அவங்களுக்குக் குடுத்ததா, உங்களோடதா?" என்று இவர் கேட்டார்.

"அவங்களுக்குக் குடுத்ததுதான்."

"அப்ப அவங்களையே கேட்டுடலாம்."

கேட்கவே தேவைப்படவில்லை. உள்ளே கட்டிலிலிருந்து வகுப்பறைக் குரல் வந்தது: "அறுங்க தம்பி!"

எனக்கு விசிலடிக்காத குறை! இரண்டு நாள் பட்டறையில் பொறி பறந்தது. குறுக்குக் குழாய்களை இவர் அறுத்து ஒட்டினார். முதுகுத் துணியை நான் மடித்துத் தைத்தேன். படத்தில் ஐயாவின் ஒரு காது தையலுக்குள் போய்விட்டது. கொஞ்சம் வேண்டுமென்றேதான் மடித்தேன். இவர் மட்டும் ஊழியம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. கேட் வேலை வேறு ஆளுக்குப் போனது. போகட்டும்!

சனிக்கிழமை காலை தெருவே வாசலில் நின்றது. நிலைப்படியில் இவர் ஒரு சரிவுப் பலகை போட்டிருந்தார். பட்டுப்புடவையில் டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தார். இருபுறமும் ஒரு விரல்தான் இடைவெளி. கல்யாண உடையில் வெளியே நின்ற மகள் கைகொடுக்கப் பதறி ஓடினாள்.

"நீ அங்கயே நில்லு. நானே வர்றேன்" என்றார் டீச்சரம்மா.