பெரியம்மாவுக்கு மறுபடி வந்த அம்மை

நோய் எதிர்ப்பு பற்றிய பாடம் நடத்த வேண்டிய வாரம் வந்தாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது. வருஷா வருஷம் அதே வெள்ளை அணுக்கள், அதே படம். தோல் தடுக்கும், தோலைத் தாண்டி வந்தால் வெள்ளை அணுக்கள் மோதும், புதுக் கிருமியென்றால் அதற்கேற்ற எதிர்ப்பொருளைச் செய்ய உடம்புக்குச் சில நாட்கள் ஆகும், அதுவரை படுக்கைதான், பிறகு உடம்பு அந்தக் கிருமியை மறக்காது என்று பலகையில் எழுதிப் போடுவேன். பெங்களூர் டிராபிக்கில் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தவளுக்கு அதற்குமேல் குரல் எழும்புவதில்லை. யாராவது ஒரு பிள்ளை, அம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வருமா மிஸ் என்று கேட்கும். பெரும்பாலும் வராது என்று சொல்லிவிட்டுப் பெரியம்மாவை நினைத்துக்கொள்வேன்.

அப்போது எனக்கு மூன்றாம் வகுப்பு முடிந்த விடுமுறை. தொம்மலூரில் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பக்கம் நாங்களும் மறுபக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தோம். சுவர் வைத்தவர்கள் குழாயைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். தண்ணீர் வரும் நாட்களில் யார் டிரம் முதலில் நிறைவது என்று அம்மாவும் பெரியம்மாவும் வரிந்து கட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்ற நாட்களில் அதைப் பற்றியே சுவரைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்களைத் தவிர அவளுக்கு வேறு பேச்சுத் துணையும் இல்லை.

ஆனேக்கலில் மாமா வீட்டுக்குப் போயிருந்த என்னை அப்பா காய்ச்சலோடு அழைத்து வந்தார். அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி, வயிறு நன்றாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குழாயடியிலிருந்த பெரியம்மாதான் என் கழுத்தில் நீர் கோத்திருந்த கொப்புளங்களை முதலில் கண்டாள்.

"அங்கியே நில்லு, கிட்ட வராத" என்றாள் அம்மாவிடம்.

அம்மா இதையும் சண்டை என்றே எடுத்துக்கொண்டாள். என் பிள்ளையைத் தொட உன்னிடம் கேட்க வேண்டுமா என்று ஆரம்பித்தவள், அப்பா என் சட்டையை விலக்கிக் காட்டியதும் அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவுக்கு அம்மை வந்ததே இல்லை. வராதவர்கள், அதுவும் கர்ப்பிணி, பக்கத்தில் போனால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து என்று தெருமுனை டாக்டர் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சிறுவயதிலேயே ஒன்றாக வந்து போயிருந்தது. ஆனால் இருவரும் கம்பெனி வேன் ஓட்டுகிறவர்கள், விடிந்தால் போய் இருட்டினால் வருவார்கள். அப்புறம் என்ன, நானே பார்த்துக்கொள்கிறேன், வருவது வரட்டும் என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

"தம்பி, கொழந்தய எங்கூட்டுக்குத் தூக்கிட்டு வாங்க" என்றாள் பெரியம்மா. "எனக்கு சின்னதுலயே அம்மா வந்துட்டுப் போயிட்டா. மறுபடி வரமாட்டா. சும்னே அழுதுகினு நிக்கவேணான்னு சொல்லுங்க அவளுக்கு."

அவள் சிறுவயதைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் யாரும் மறுத்துக் கேட்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். நான் சொறியாமல் இருக்க இரவெல்லாம் வேப்பங்கொத்தால் தடவிக் கொடுத்தாள். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அம்மாவின் குரலைச் சுவர் வழியாகத்தான் கேட்டேன்.

நான் வீடு திரும்பிச் சில நாட்களில் பெரியம்மா படுத்தாள். உடம்பெங்கும், நாக்கில்கூடக் கொப்புளம். பெரியவர்களுக்கு வந்தால் மூர்க்கமாக வரும் என்பது அன்று எனக்குத் தெரியாது. பெரியப்பா தன்னால் முடிந்தவரை லீவு போட்டார். அம்மைத் தாய்க்கு இந்த வீடு பிடித்துவிட்டது, அதான் மறுபடி வந்திருக்கிறாள் என்று தெருவில் சொன்னார்கள். அவர் லீவு தீர்ந்ததும், பகலில் அந்த அறைக்குள் போகக்கூடியவள் நான் ஒருத்திதான். அம்மா கஞ்சி காய்ச்சி வாசலில் வைப்பாள், நான் எடுத்துப் போவேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"உங்க ஒடம்பு மறந்துடுச்சா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"அதுக்கும் என்ன மாதிரியே மறதி" என்றாள். பேசினாலே இருமல் வந்தது.

இருமல் நெஞ்சில் இறங்கியதும் பெரியப்பா ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பை தூக்க நானும் போனேன். அவர் சீட்டு வாங்கப் போயிருந்தபோது டாக்டரம்மா வந்து, முன்பு எப்போதாவது வந்திருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை, இதுதான் முதல் தடவை என்று பெரியம்மாவும் கன்னடத்திலேயே சொன்னாள். பள்ளியில் படித்த கன்னடம் எனக்கு அன்றுதான் முழுசாக உதவியது. நான் அவளையே பார்த்தேன். டாக்டரம்மா நகர்ந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள். கை கொதித்தது.

"ஒங்கம்மாகிட்ட சொல்லாத கண்ணு. தெரிஞ்சா அவ அப்பறம் எங்கிட்ட சண்ட போடமாட்டா."

பெரியம்மா போய்விடுவாளோ என்று சில நாட்கள் வீடே பயந்து கிடந்தது. அம்மா சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பெரியம்மா திரும்பி வந்தபோது பாதியாகியிருந்தாள், முகமெல்லாம் வடு. பிறகு தம்பி பிறந்தான், நல்லபடியாக. அம்மாவும் அவளும் கொஞ்ச நாள் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். துவைக்க வேண்டிய குழந்தைத் துணி சேரச் சேர அந்த மரியாதை குறைந்துகொண்டே வந்தது.

ஒரு காலை தண்ணீர் வந்ததும் அம்மா பெரியம்மாவின் டிரம்மைக் காலால் நகர்த்திவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். பிள்ளைக்காரி அவசரம் உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது அக்கா என்றும் சொன்னாள். பெரியம்மா இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்க வாங்க, பதிலுக்குக் கத்தினாள். கத்தக் கத்த அவள் முகம் தெளிந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அம்மா வாயடைத்துப் போவாளே, இந்தப் பெரியம்மா ஏன் சொல்லாமல் நிற்கிறாள் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.